இரைப்பை யாருக்கு

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மேற்குக் கென்யாவில் எங்கள் மரகோலிப் பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் கூசாமல் ஒரு பொய் சொல்வோம். "பிள்ளைங்க வந்து முகத்தைக் காட்டினாப் போதும், வேற என்ன வேணும்" என்போம். ஜெபக் கூட்டத்தில் கண்ணீரோடு சொல்வோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "உன் மகன் என்ன கொண்டாந்தான், சர்க்கரையா, எண்ணெயா, போர்வையா" என்று ஒருத்தி வாயை ஒருத்தி கிண்டுவோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். பெயர் ரோபாய். சபை மாதர் சங்கத்தின் செயலாளர். மூன்று பெற்றவள். கணவர் சப்லோன் முந்தின வருஷ மழைக்காலத்தில் கண்ணை மூடினார்.

மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் கிறிஸ்துமஸ் அவள் மாமியாருக்குச் சொந்தம். எனக்குப் போனில் ஒரு ஜெபமும் கொஞ்சம் அழுகையும் கிடைக்கும். இளையவன் ஜாவான் என்னோடு இருக்கிறான். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு வீடுவீடாகப் பால் ஊற்றுகிறான். மூத்தவன் ஹெஸ்ரோன் நைரோபியில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "பிசினஸ்" என்பான். அதற்குமேல் கேட்டால் அவனுக்குப் போன் வந்துவிடும்.

இந்த வருஷம் நான் கோழியே அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கசாப்புக் கடையில் மாட்டுக்கறி வாங்கி, சப்பாத்தி சுட்டு, டீ போட்டு, எல்லாரையும் நல்லபடியாக அனுப்பிவிட வேண்டும். மாட்டுக்கறி சமாதானமான கறி. சட்டியில் எந்தத் துண்டு யாருக்கு என்று யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

கோழி அப்படியில்லை. கல்லையும் மண்ணையும் அரைத்து அரைத்துக் கெட்டிப்பட்டுப்போன அந்த இரைப்பை இருக்கிறதே, ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அது வீட்டுத் தலைவருக்கு. அவர் வெளியூர் போயிருந்தால் எடுத்து மூடிவைக்க வேண்டும். குழம்பில் இரைப்பை இல்லையென்று பெண்டாட்டியைச் சட்டியோடு தாய்வீட்டுக்குத் துரத்திய புருஷன்மார் கதை எங்களில் குடும்பத்துக்கு ஒன்று உண்டு. என் மாமியார் காலத்தில் பெண்கள் கோழியையே வாயில் வைத்ததில்லை. பிறகு மிஷன்காரர்கள் வந்து, தேவனுக்கு முன்னால் ஆணும் பெண்ணும் ஒன்று என்றார்கள். அதன் பலனாக எங்களுக்குக் கழுத்தும் காலும் முதுகெலும்பும் கிடைத்தன. சுவிசேஷம் அதுவரைதான் வந்தது. இரைப்பைவரை வரவில்லை.

சப்லோன் இருந்தவரை யோசிக்க ஒன்றுமில்லை, கரண்டி தானாக அவர் தட்டுக்குப் போகும். போன கிறிஸ்துமஸ் துக்க வருஷம், கோழி அடிக்கவில்லை. ஆகவே அடுத்து இந்த வீட்டில் உறவுக்காரர் முன்னிலையில் கோழி அடிக்கும்போது இரைப்பை யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் இனி சப்லோன் இடத்தில். கல்யாணம், சாவு, வரப்புச் சண்டை எல்லாவற்றிலும் அவர் வாய்தான் முதல் வாய். நிலம் விற்கிற காகிதத்தில் ஊர்த்தலைவர் கையெழுத்துப் போடுமுன் "உங்க வீட்டுல யாரு பேசறது" என்று கேட்பார். அந்த ஆளின் சம்மதத்தைத்தான் கேட்பார்.

வழக்கப்படி அது மூத்த மகனுக்கு. எனக்குத் தூக்கம் போனதும் அதனால்தான்.

ஓடையோரமாக எங்களுக்கு ஒரு கீழ்நிலம் இருக்கிறது. யானைப்புல், வாழை, கொஞ்சம் சோளம். ஜாவானின் மாடு அதைத் தின்றுதான் பால் கொடுக்கிறது. நானும் ஒருவகையில் அதைத் தின்றுதான் உயிரோடு இருக்கிறேன். அதை விற்று ஹெஸ்ரோன் ஆள் ஏற்றுகிற வேன் வாங்கப்போகிறானாம். நிலத்தை வாங்க ஆளும் பார்த்துவிட்டானாம். இதற்கு முன்னாலும் ஒரு வேன் வாங்கினான். கூட்டாளி அதை ஓட்டிக்கொண்டு மொம்பாசா போனான். வேனும் திரும்பவில்லை, கூட்டாளியும் திரும்பவில்லை. அப்போது சப்லோன் உயிரோடிருந்தார். "நெலத்தத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அந்தக் குரல் ஏது?

ஹெஸ்ரோன் பண்டிகைக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, நீலக் கோட்டு, பின்னால் மூட்டையோடு பெண்டாட்டி வகேஷோ, இரண்டு பிள்ளைகள். அவன் கக்கத்தில் கால் கட்டிய ஒரு செஞ்சேவல்.

"என்னடா இது?"

"சேவல்மா."

"சேவல்னு எனக்கும் தெரியுது. உப்புப் பொட்டலம்கூட நைரோபியிலருந்து உன்கூட பஸ் ஏறினதில்ல. இது எப்படி ஏறிச்சு?"

"அப்பா இல்லாத வீடும்மா. இனிமே நான்தானே எல்லாம் பாக்கணும்."

சொல்லிவிட்டு என் தோளைக் கட்டிக்கொண்டான். பெற்ற வயிறு, குளிர்ந்துதான் போனது. அவன் கையில் அந்தச் சேவல் என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜாவானிடம் மாட்டுக்கொட்டகையில் போய்க் கேட்டேன்.

"உனக்குப் போடட்டுமாடா? நீதானே வீட்டோட கெடக்கற."

"வேணாம்மா. அப்புறம் நான்தான் உன்னைத் தூண்டிவிட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். அவனுக்கே போடு."

"போட்டா மாட்டுக்குப் புல்லு?"

"அதுக்குத்தான் நீ ஜெபம் பண்ணு," என்றான். அவன் என்னைக் கிண்டல் செய்தானா, நம்பிச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை.

வகேஷோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைத்தா மலைக்காரர்களின் மகள், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் நைரோபி. எங்கள் பேச்சு அவளுக்கு வராது, சுவாஹிலியில்தான் பேசிக்கொள்வோம். அதிகம் பேசவும் மாட்டாள். முதல்தடவை வந்தபோது அடுப்புப் புகையில் அழுதாள், விறகுக் கட்டைத் தலையில் வைத்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மாடு நின்னுக்கிட்டே தூங்குமா அத்தை?" என்று கேட்டாள். இது சுத்த அப்பாவி, விவரம் போதாது என்று அன்றைக்கே நான் கணக்குப் போட்டுவிட்டேன். அதனால் அவளுக்குச் சின்னச் சின்ன வேலையாகக் கொடுப்பேன். வெங்காயம் உரி, பிள்ளைக்கு மூக்கைத் துடை, அப்படி.

கிறிஸ்துமஸ் காலையில் சேவலை அறுத்தேன். இரைப்பையைப் பிளந்து, மண்ணைக் கொட்டி, உள்தோலை உரித்துக் கழுவி, மற்ற துண்டுகளோடு சட்டியில் போட்டு மூடினேன். கோயிலில் எங்கள் சங்கத்துப் பாட்டு இருந்தது, போகாமல் முடியாது. ஆண்கள் ஏற்கனவே கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீங்க போங்க அத்தை. அடுப்ப நான் பாத்துக்கறேன்," என்றாள் வகேஷோ.

"தீ அணையக் கூடாது. தண்ணி வத்தினா கொஞ்சம் ஊத்து. உப்பு போட்டாச்சு, நீ போடாதே. பிள்ளைங்கள சட்டிப்பக்கம் விடாதே," என்று வெங்காயம்வரை எல்லாம் சொன்னேன். இரைப்பையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எங்களில் தவழ்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

கோயிலில் முரசு முழங்கியது, வெள்ளைத் துணி கட்டிய தலையெல்லாம் ஒன்றாக ஆடியது. போதகர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஹெஸ்ரோன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஆமென் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் என் கொழுந்தனார் எலாம், சபை மூப்பர், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சமாதானமெல்லாம் எனக்கு ஏறவில்லை. மேய்ப்பர்களுக்கு அவ்வளவு தெளிவாக வந்து பேசிய தேவதூதன், ஒரு விதவையிடம் வந்து 'இன்னாருக்குப் போடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? மூத்தவனுக்குப் போட்டால் நிலம் போகும். போடாவிட்டால் மகன் போவான். இரண்டையும் நான்தான் பெற்று வளர்த்த மாதிரி இருந்தது. பயந்துபோய், ஆண்டவரே, அந்தத் துண்டை நீரே எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன். மாதர் சங்கச் செயலாளரின் கிறிஸ்துமஸ் ஜெபம் இதுதான்.

வீட்டில் நாற்காலிகளுக்கெல்லாம் பின்னல் துணி துவைத்துப் போட்டிருந்தேன். எலாம் எங்கள் பின்னாலேயே வந்தார். அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, எங்கள் வீட்டுச் சட்டியின் வாசனைக்கு அவர் வீட்டுவரை வழி தெரியும். அவர் நிலமும் எங்கள் கீழ்நிலமும் ஒரே வரப்பு. அதை வெளியாள் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. தானே வாங்கிக்கொள்ளக் காசும் கிடையாது. ஆகவே யாரும் வாங்காமல் கிடக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இதை அவர் 'பாரம்பரியத்தைக் காப்பது' என்று சொல்வார்.

கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். எலாம் ஜெபம் செய்தார். பிறந்த பாலகனுக்கும், மழைக்கும், நாட்டுக்கும், இறந்துபோன அண்ணனுக்கும் நன்றி சொல்லி, "இந்த வீட்டுத் தலைமையை ஆசீர்வதியும்" என்று முடித்தார். யார் பேரையும் சொல்லவில்லை, ஆள் கெட்டிக்காரர். ஆமென் சொன்ன கையோடு ஹெஸ்ரோன் தட்டை நீட்டினான்.

கரண்டியை விட்டுத் துழாவினேன். தொடை வந்தது, நெஞ்சு வந்தது, ஈரல் வந்தது. அடிவரை போய்ச் சுரண்டினேன். இரைப்பை இல்லை. ஒரு கணம், ஆண்டவர் கேட்டுவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"என்னம்மா தேடற?" என்றான் ஹெஸ்ரோன். என்ன தேடுகிறேன் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

எலாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஜாவான் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்தேன். அடுப்படி வாசலில் வகேஷோ சப்பாத்தித் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பில் கட்டிய துணியின் நுனியால் வாயோரத்தைத் துடைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அடிப் பாவிப் பெண்ணே, வெந்ததா என்று பார்க்கிறேன் என்று அதையா எடுத்து வாயில் போட்டாய்? எல்லார் முன்னாலும் இது தெரிந்தால் என்ன ஆகும்? ஹெஸ்ரோன் கோபக்காரன், அதுவும் இந்தத் துண்டுக்காக ஒரு சேவலை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்தவன். இன்றே மூட்டையைக் கட்டு என்பான். எலாம் அதற்கு வேதத்திலிருந்து ஒரு வசனமும் எடுத்துக் கொடுப்பார். முற்றத்தில் அந்தப் பிள்ளைகள் ஒரு அளவு பெரிதாக வாங்கிய புதுச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தன. விவரம் தெரியாத பெண்ணை நான்தானே சொல்லாமல் விட்டுப் போனேன்.

"இரைப்பை இல்ல," என்றேன். "நான் தின்னுட்டேன்."

என் வாயிலிருந்துதான் அது வந்தது என்று எனக்கே நம்பிக்கை வரச் சற்று நேரம் பிடித்தது.

"என்ன தின்ன?" என்றான் ஹெஸ்ரோன்.

"காதுல விழுந்துச்சில்ல. கோயில்லருந்து வந்தேன், பசி. உப்பு பாக்கத் தொறந்தேன், கையில அதான் வந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

"பசின்னா கழுத்து இல்லையா? கால் இல்லையா? பாத்துப் பாத்து அதையா தின்ன?"

"கழுத்தையே தின்னு தின்னு எனக்குச் சலிச்சுப்போச்சுடா."

ஜாவானுக்குப் புரையேறியது. ஹெஸ்ரோன் சித்தப்பா பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா சித்தப்பா? பொம்பள இப்படிச் செய்யலாமா? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வேற கோழி அடிக்கச் சொல்லுங்க."

எலாம் தாடையைத் தடவினார். அவருக்கு என்மேல் வந்த கோபம் முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் கண் சன்னல் வழியாகக் கீழ்நிலத்துப் பக்கம் போய்விட்டு வந்தது. கோபம் இறங்கிவிட்டது.

"அண்ணி பண்ணினது தப்பு," என்றார். "பெரிய தப்பு. எங்க அம்மா இருந்திருந்தா இந்த வீட்டுப் படியேற விட்டிருக்க மாட்டாங்க. ஆனா தின்னது தின்னதுதான். ஒரு தகப்பன் இடத்துக்கு ரெண்டு இரைப்பை கெடையாது. தின்ன வாய்க்குத்தான் முதல் பேச்சு. அதான் வழக்கம். வழக்கத்த மாத்த நீ யாரு, நான் யாரு?"

"சித்தப்பா, கீழ்நெலத்து விஷயமா ஒரு ஆளுக்கு நான் வார்த்தை குடுத்திருக்கேன்."

"அத அண்ணிகிட்டக் கேளு. எங்கிட்ட ஏன் கேக்கற?" என்று சொல்லிவிட்டு ஈரல் துண்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டில் சட்டி எப்போது வரும் என்று பார்த்திருக்கிறார்கள், நான் என்ன சொல்வேன் என்று யாரும் பார்த்ததில்லை. கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நெலம் விக்கறதுக்கில்ல," என்றேன். "நான் இருக்கறவரைக்கும் இல்ல. சப்பாத்தி ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

ஹெஸ்ரோன் எழுந்து அவகாடோ மரத்தடிக்குப் போய்விட்டான். "வேணும்னே பண்ணிட்டியேம்மா," என்று மட்டும் போகும்போது சொன்னான். குரல் உடைந்துவிட்டது. எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே வந்து, யார் முகத்தையும் பாராமல், தொடைத் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு மறுபடி மரத்தடிக்குப் போனான். அதற்குப்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெயில் சாயும்போது, அடுப்படிக்குப் பின்னால் வகேஷோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"தப்பு என்மேலதாம்மா," என்றேன். "நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். அந்தத் துண்டு என்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மரத்தடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு கோழி வாங்கினோம். அந்தத் துண்டப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் குடுத்துட்டேன். உங்க மகன் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தாரு. அன்னிக்கே படிச்சுட்டேன்."

அப்பாவி என்று நான் வெங்காயம் உரிக்க விட்டிருந்தவள் சட்டியைத் தேய்த்தபடி சாதாரணமாகச் சொல்கிறாள்.

"தெரிஞ்சேவா தின்ன?"

"நீங்க கோயிலுக்குக் கெளம்பினதும் தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே ஆச்சரியம்தான். கல்யாணமாகி வந்த நாள்முதல் அதைக் கழுவி, வேகவைத்து, பரிமாறி வந்தவள் நான். ருசி தெரியாது.

"வேகவே இல்ல அத்தை. யாராச்சும் வந்துடுவாங்கன்னு பயம். பாதிதான் மென்னேன், மீதிய அப்படியே முழுங்கிட்டேன். இன்னும் இங்கயே நிக்குது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. இரண்டு பேரும் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். சிரித்து ஓய்ந்தபிறகு கேட்டேன்.

"அவனுக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டுக்குப் போன்னு வெரட்டியிருப்பானேடி. அந்தப் பயம் இல்லையா உனக்கு?"

"எந்த வீட்டுக்கு அத்தை?" என்றாள். "எங்க அப்பாவும் மலைமேல இருந்த நெலத்த வித்துட்டுத்தான் நைரோபிக்கு வந்தாரு. லாரி வாங்கினாரு. லாரி போச்சு. கிறிஸ்துமஸ் வந்தா எங்க லைன் வீட்டுல எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுவாங்க. நாங்க மட்டும் இருப்போம். எல்லார் வீட்டுச் சாவியும் எங்கம்மா இடுப்புல தொங்கும்."

முற்றத்தில் அவள் பிள்ளைகள் ஜாவானின் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தன. புதுச் சட்டை முழுக்கச் செம்மண். அவள் அதைப் பார்த்தாள், திட்டவில்லை.

நான் அவள் கையிலிருந்த தேய்ப்பு நாரைப் பிடுங்கினேன். "நகரு," என்றேன். "போய் அந்தக் கல்லுல உக்காரு. மீதிய நான் தேய்க்கறேன்."

"ஐயோ, வேணாம் அத்தை. பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"இந்த வீட்டுல இப்ப யாரு பேசறது? உக்காருன்னா உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மருமகள் சும்மா உட்கார்ந்திருக்க, மாமியார்க்காரி கரிச்சட்டி தேய்ப்பதை வேலியோரம் போன எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று நிதானமாகத் தேய்த்தேன்.